ரிமோட் டெஸ்க்டொப்பில் பில் அடிக்க மூன்று நிமிடமா? எங்கே தேடுவது

“தம்பி, பில்லுக்குக் குடுத்து மூணு நிமிஷம், இன்னும் வரல்ல, லோரிக்காரன் முன்னால நிக்கான்” என்று அக்கரைப்பற்றுக் கிளையிலிருந்து காஷியர் ராத்தா போன் எடுத்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “பிரின்டர் சத்தம் போடுதா, இல்ல சும்மா கிடக்கா?” அந்தப் பதிலிலேயே பாதி அலுவல் முடிந்துவிடும். கரகரவென்று இழுத்து இழுத்து அடித்தால் ஒரு வியாதி. மூச்சே விடாமல் கிடந்துவிட்டுத் திடீரென்று எழும்பி அடித்தால் வேறு வியாதி. இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை.

எங்கள் ஏற்பாடு இந்தப் பக்கத்தில் பலருக்கும் பழக்கமானது. மட்டக்களப்பு டவுனில் தலைமை ஒபிஸ், அங்கே ஒரு சேர்வர். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிற கிளைக்காரர்கள் ரிமோட் டெஸ்க்டொப்பில் அதற்குள் வந்து அரிசி, சீனி, பருப்பு என்று பில் போடுவார்கள், பேப்பர் மட்டும் அவர்களுடைய மேசையில் இருக்கிற பிரின்டரில் வரவேண்டும். மெதுவானதும் எல்லாரும் சொல்வது “சேர்வருக்கு ரெம் போடுவம்”. நானும் ஒருக்கா போட்டேன், முதலாளியிடம் கெஞ்சி. போட்ட பிறகும் பில் அதே மூன்று நிமிடம். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடத் தொடங்கினேன்.

முதலில் அந்தப் பில் போகிற பாதை விளங்கவேண்டும். பிரின்ட் அழுத்தியதும் சேர்வரில் ஓடுகிற பில் மென்பொருள் பக்கத்தை வரைகிறது. அது சேர்வரின் ஸ்பூலரில், அதாவது அடிக்கவேண்டியதை வரிசையில் வைத்து அனுப்புகிற பகுதியில், ஒரு பைலாக விழுகிறது. அங்கிருந்து ரிமோட் டெஸ்க்டொப் இணைப்புக்குள்ளேயே, திரையும் மவுசும் ஓடுகிற அதே குழாய்க்குள், கிளைக் கொம்பியூட்டருக்குப் போகிறது. அங்கே இன்னொரு ஸ்பூலர் அதை வாங்கி, அந்தக் கொம்பியூட்டரின் டிரைவர் (பிரின்டருக்கு விளங்குகிற பாஷையில் மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்) மூலம் பிரின்டருக்குத் தள்ளுகிறது. ஆக வரிசை இரண்டு இடத்தில் இருக்கிறது, பலர் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறார்கள். சேர்வருக்குள் பிரின்டர் வரிசையைத் திறந்து வையுங்கள், கிளைக் கொம்பியூட்டரிலும் திறந்து வைக்கச் சொல்லுங்கள், போனில் கதைத்துக்கொண்டே ஒரு பில் அடியுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். சேர்வர் வரிசையில் வரவே நேரம் எடுத்தால் பில் மென்பொருளோ சேர்வர் பக்கத்து டிரைவரோ. அங்கே வந்து அங்கேயே நின்றால் லைன், அல்லது பைலின் பருமன். கிளை வரிசைக்கு வந்த பிறகு நின்றால் அது பிரின்டர், கேபிள், கிளையில் இருக்கிற டிரைவர். இந்த ஒரு பரிசோதனை செய்யாமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள்.

கூடவே இரண்டு சின்னச் சோதனை. சேர்வருக்குள் நோட்பேடைத் திறந்து ஒரு வரி அடித்து அதே பிரின்டருக்கு அனுப்புங்கள். நோட்பேட் உடனே வந்து பில் மட்டும் தாமதமானால் பில்லில்தான் ஏதோ பாரம் இருக்கிறது. நோட்பேடும் இழுத்தால் பாதையில் கோளாறு. அடுத்தது, ரிமோட்டுக்கு வெளியே வந்து கிளைக் கொம்பியூட்டரிலிருந்தே நேராக ஒரு பக்கம் அடியுங்கள். அதுவும் மெதுவென்றால் சேர்வரை நிம்மதியாக விடுங்கள், யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சரி, பாரம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? விண்டோஸிலேயே கணக்குப் புத்தகம் இருக்கிறது, ஆனால் மூடி வைத்திருக்கிறார்கள். சேர்வரில் ஈவென்ட் வியூவர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் அன்ட் சேர்விஸஸ் லொக்ஸ், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், பிரின்ட்சேர்விஸ் என்று போனால் ஒப்பரேஷனல் என்று ஒன்று கிடக்கும். அதில் ரைட் கிளிக் செய்து எனேபிள் லொக் கொடுங்கள். அதன் பிறகு அடிக்கிற ஒவ்வொன்றுக்கும் 307 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும்: யார் அடித்தது, எந்தப் பிரின்டர், எந்தப் போர்ட், எத்தனை பைட், எத்தனை பக்கம். அந்த பைட் கணக்கை ஒருக்கா பார்த்தவர் பிறகு ரெம் பற்றிக் கதைக்கவே மாட்டார்.

ஏனென்று ஒரு கணக்கு. நாற்பது வரி, வரிக்கு எண்பது எழுத்து என்று ஒரு பில்லை வெறும் எழுத்தாக அனுப்பினால் 3,200 பைட், அவ்வளவுதான். அதே பில் ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளியில், கலர் படமாக மாறினால் 2,480 தரம் 3,508 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட், சுருக்காமல் பார்த்தால் கிட்டத்தட்ட 26 மெகாபைட். நடைமுறையில் சுருக்கித்தான் போகும், இவ்வளவு வராது. ஆனாலும் தபால் அட்டையில் எழுதவேண்டியதைக் கல்லில் வெட்டி லோரியில் அனுப்புகிற மாதிரித்தான். எங்கள் பில்லின் தலையில் ஒரு லோகோ இருந்தது, நெற்கதிரும் சூரியனும். யாரோ போனில் எடுத்த படத்தை அப்படியே போட்டு, பில்லில் முத்திரை அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தார்கள். கண்ணுக்குத்தான் சின்னது. பின்னால் முழுப் படமும் ஒவ்வொரு பில்லோடும் பயணம் போனது. அதைக் கறுப்பு வெள்ளையாக, தேவையான அளவுக்கு வெட்டிச் சேமித்து மாற்றிப் போட்டதும் நிலைமை பாதி இறங்கியது. பிடிஎஃப் அடிக்கிறவர்கள் ‘பிரின்ட் அஸ் இமேஜ்’ என்ற பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது வேண்டுமென்றே எல்லாவற்றையும் படமாக்கிவிடும். பில்லுக்கு 600 புள்ளித் தரம் தேவையில்லை, 300 தாராளம்.

இனி டொட் மெட்ரிக்ஸ், அதாவது ரிபனில் ஊசி குத்தி அடிக்கிற பிரின்டர். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கடைகளில் பாதிக்கு மேல் இன்னும் எப்சன் எல்எக்ஸ்-310, எல்கியூ-310 வகைதான், கார்பன் கொப்பி வேண்டுமே. ரிமோட் டெஸ்க்டொப்பில் விண்டோஸ் சேர்வர் 2008 முதல் ஈசி பிரின்ட் என்று ஒரு டிரைவர் இருக்கிறது. கிளையில் என்ன பிரின்டர் இருந்தாலும் சேர்வரில் தனி டிரைவர் போடத் தேவையில்லை, எல்லாவற்றையும் பிடிஎஃப் மாதிரியான எக்ஸ்பிஎஸ் வடிவத்தில் மாற்றி அனுப்பி அங்கே போய் அடித்துக்கொள்ளும். லேசருக்கும் இங்க்ஜெட்டுக்கும் அருமையான வேலை. டொட் மெட்ரிக்ஸுக்கு அது வினை. எழுத்து எழுத்தாக வரவேண்டியது படமாக வருகிறது, பிரின்டரின் தலை ஒரு வரிக்கு இரண்டு மூன்று தரம் போய் வருகிறது. சத்தத்திலேயே பிடிக்கலாம். எழுத்தாக அடித்தால் டர்ர், டர்ர் என்று வரிக்கு ஒரு இழுப்பு, பேப்பர் சீராக ஏறும். படமாக அடித்தால் ஒரு நூல் அளவு ஏறி நின்று, திரும்பிப் போய், இன்னொரு நூல் ஏறும். அந்த இரண்டாவது சத்தம் போனில் கேட்டால் நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

இதற்கு வழி, கிளைக் கொம்பியூட்டரில் அந்தப் பிரின்டரை ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரில் இன்னொரு தரம் போடுவது. சேர்வரிலும் அதே டிரைவர் விண்டோஸோடேயே வருகிறது. பிறகு சேர்வரில் குரூப் பொலிசி எடிட்டரைத் திறந்து, கொம்பியூட்டர் கொன்பிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்பிளேட்ஸ், விண்டோஸ் கொம்போனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டொப் சேர்விஸஸ், ரிமோட் டெஸ்க்டொப் செஷன் ஹோஸ்ட், பிரின்டர் ரீடைரக்ஷன் என்று இறங்கினால் ‘யூஸ் ரிமோட் டெஸ்க்டொப் ஈசி பிரின்ட் பிரின்டர் டிரைவர் பெர்ஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள். அப்போது சேர்வர் முதலில் பொருந்துகிற டிரைவர் தன்னிடம் இருக்கிறதா என்று தேடும், இல்லாவிட்டால்தான் ஈசி பிரின்ட்டுக்குப் போகும். இரண்டு பக்கமும் டிரைவரின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். பில் மென்பொருளிலும் டெக்ஸ்ட் மோட் இருக்கிறதா என்று அதை விற்றவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் இது எடுபடாது.

தமிழ் பில் அடிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. டெக்ஸ்ட் ஒன்லி டிரைவருக்கு எழுத்துரு என்றால் என்னவென்றே தெரியாது, பிரின்டருக்குள் இருக்கிற எழுத்தைத்தான் அடிக்கும். யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாக வரும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதி வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை, கீபோர்டில் அடித்த ஆங்கில எழுத்துக்கள் அப்படியே வெளியே வரும், மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. முதல் நாள் எங்கள் கடைப் பெயரே அப்படித்தான் வந்தது, லோரிக்காரர் “இது எந்த ஊர் பாஷை?” என்று கேட்டாராம். நாங்கள் செய்தது, கடைப் பெயரையும் முகவரியையும் தமிழில் முன்கூட்டியே அச்சகத்தில் அடித்த தொடர் பேப்பர் வாங்கி, உள்ளே வருகிற பொருளும் விலையும் மட்டும் ஆங்கிலத்தில் எழுத்தாக விட்டது. உங்களுக்குப் பொருள் பெயரும் தமிழில்தான் வேண்டுமென்றால் டெக்ஸ்ட் வழி சரிவராது, கம்பெனியின் சொந்த டிரைவரை இரண்டு பக்கமும் போட்டு ட்ராஃப்ட் தரத்தில் அடியுங்கள்.

சொந்த டிரைவர் என்றதும் ஒரு எச்சரிக்கை. பகிர்ந்து பாவிக்கிற சேர்வரில் ஒரு பழுதான டிரைவர் ஸ்பூலரை விழுத்தினால் எல்லாக் கிளைக்கும் பிரின்ட் நிற்கும். ஆகவே கண்டதையும் ஏற்றாதீர்கள், பிரின்டரோடு வந்த சீடியில் இருக்கிற பழைய டிரைவரை முக்கியமாக. 2021இல் பிரின்ட்நைட்மெயர் என்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, அந்த ஆண்டு ஓகஸ்ட் அப்டேட்டோடு, டிரைவர் ஏற்ற அட்மின் உரிமை வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் மாற்றிவிட்டது. தொல்லையாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பழையபடி திறந்துவிட வழி சொல்கிற ஆட்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பாரத்தைக் குறைத்தும் சேர்வர் வரிசையிலேயே பைல் நிற்கிறதென்றால் லைனைப் பாருங்கள். இதில் எல்லாரும் தவறும் இடம், கிளையில் டவுன்லோட் வேகத்தை அளந்துவிட்டு “லைன் நல்லம்” என்பது. பில் போவது சேர்வரிலிருந்து கிளைக்கு. ஆகவே பார்க்கவேண்டியது தலைமை ஒபிஸின் அப்லோட். இறக்கும் வேகத்தை விட ஏற்றும் வேகம் பல மடங்கு குறைந்த லைன்கள் இன்னும் இருக்கின்றன. 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மற்றப் பக்கம் காத்து நின்றது ஞாபகம் இருந்தால், அப்லோட் என்பது அந்தப் பாலம்தான். நொடிக்கு 1 மெகாபிட் அப்லோடில் அந்த 26 மெகாபைட் படம் போக 208 விநாடி. இரண்டு கிளையும் ஒரே நேரத்தில் அடித்தால் இன்னும் கூட. அதற்கு மேல், விண்டோஸ் சேர்வர் 2008இல் மைக்ரோசொஃப்ட் வைத்த இயல்பான பிரிப்பில், நெருக்கடி வந்தால் திரைக்கும் கீபோர்டுக்கும் 70 வீதம், பிரின்ட், பைல், கிளிப்போர்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 வீதம்தான். திரை உறையாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள், நியாயம்தான், ஆனால் பில் பின்னுக்கு நிற்கும்.

அந்த அப்லோடை வேறு யார் தின்கிறார்கள் என்பதையும் தேடுங்கள். எங்களுக்குக் காலை பத்து மணிக்குப் பிறகு மட்டும் மெதுவாகும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சரியாகும், மூன்று மணிக்குத் திரும்பவும் தொடங்கும். சேர்வரில் ஒரு கோளாறும் இல்லை. ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தால் கெமரா ரெக்கோடர் பெட்டிதான் முதலிடம். முதலாளி வெளியே போனால் கடையின் எட்டுக் கெமராவையும் போனில் திறந்து வைத்துக்கொண்டிருப்பார், அதுவும் உயர்ந்த தரத்தில். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ரெக்கோடரில் போனுக்குப் போகிற படத்தின் தரத்தைச் சப் ஸ்ட்ரீமுக்கு இறக்கிவிட்டேன், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பகலில் ஓடுகிற கிளவுட் பெக்கப் இருந்தால் அதையும் இரவுக்குத் தள்ளுங்கள்.

சில இடங்களில் பில் வருவது மெதுவில்லை, பிரின்ட் பெட்டி திறப்பதே மெது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவரும் தங்கள் கொம்பியூட்டரில் இருக்கிற அத்தனை பிரின்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்: ஒன்நோட், ஃபெக்ஸ், பிடிஎஃப், போன வருடம் பழுதாகி எறிந்த கெனன் ஒன்று. முன்பு சொன்ன அதே பொலிசி இடத்தில் ‘ரீடைரக்ட் ஒன்லி த டிபோல்ட் கிளையன்ட் பிரின்டர்’ என்று இருக்கும், அதை எனேபிள் செய்தால் ஆளுக்கு ஒரு பிரின்டர்தான் உள்ளே வரும். ஆனால் கிளைக் கொம்பியூட்டரில் ‘லெட் விண்டோஸ் மெனேஜ் மை டிபோல்ட் பிரின்டர்’ என்பதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் 10, 11 கடைசியாகப் பாவித்ததையே டிபோல்ட் ஆக்கி விளையாடும். வேலை முடிந்து ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போகிறவர்களின் செஷனும் உள்ளே செத்துக் கிடக்கும். துண்டித்த செஷனை இரண்டு மணி நேரத்தில் முடிக்க நேர எல்லை வையுங்கள். எக்செல் திறக்கவே அரை நிமிடம் எடுத்தால் அதற்கும் பெரும்பாலும் காரணம், டிபோல்ட் பிரின்டராக இருப்பது இப்போது இல்லாத ஒன்று.

சேர்வர் இருக்கிற அதே கட்டடத்தில் உள்ள நெட்வேர்க் பிரின்டருக்கு இந்த ரீடைரக்ஷன், அதாவது ரிமோட் இணைப்புக்குள்ளால் கிளைப் பிரின்டருக்குத் திருப்பி அனுப்புகிற சுற்றே தேவையில்லை. சேர்வரிலேயே நேராகப் போடுங்கள். போடும்போது டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டு, ஸ்டான்டர்ட் டிசிபி ஐபி போர்ட் எடுத்து, ரௌட்டரில் அந்தப் பிரின்டருக்கு மாறாத ஐபி (நெட்வேர்க் முகவரி) ஒதுக்குங்கள். கறண்ட் போய் வந்தால் ஐபி மாறி, வரிசை முழுக்க நின்றுவிடுவது அப்படி ஒதுக்காததால்தான். போர்ட் செட்டிங்கில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள், நன்றாக இருக்கிற பிரின்டரையும் ஒஃப்லைன் என்று சொல்லிக் காத்திருக்க வைக்கிற வேலை அதனுடையது. கிளைகளுக்கு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ளேயே பூட்டிய தனிப் பாதை) இருந்தால் அங்குள்ள நெட்வேர்க் பிரின்டருக்கும் இதே வழி நடக்கும். விபிஎன் இல்லாமல் பிரின்டரின் 9100 போர்ட்டையோ சேர்வரின் 3389 போர்ட்டையோ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள், பில் வேகமாக வரும், கூடவே களவெடுக்கிறவனும் வருவான்.

வரிசை இறுகிப்போய் எதுவும் அழியவில்லையென்றால் கடைசி வழி ஸ்பூலரைக் கழுவுவது. அட்மினாகக் கொமாண்ட் ப்ரொம்ப்ட் திறந்து ‘நெட் ஸ்டொப் ஸ்பூலர்’, பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்ற போல்டருக்குள் இருக்கிற பைல்களை மட்டும் அழித்து, ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’. போல்டரை அழிக்காதீர்கள். அதற்கு முன் எல்லாக் கிளைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு மாதக் கடைசியில் கல்முனைக்காக நான் இதைச் செய்தபோது மேல் மாடியில் சம்பளப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தார்கள், பாதி வந்தது, மீதி காற்றில். அவர்கள் முதலிலிருந்து திரும்ப அடிக்க, இரண்டு பேருக்கு இரண்டு சம்பளச் சிட்டை போனது. ஸ்பூலர் திரும்ப எழும்பிய பிறகு ரீடைரக்ட் ஆன பிரின்டர் காணாமல் போனால் ஒருக்கா வெளியே வந்து திரும்ப உள்ளே போகச் சொல்லுங்கள். அன்டிவைரஸ் அந்தப் போல்டரை ஒவ்வொரு பைலுக்கும் துருவுகிறதா, சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உண்மையில் சேர்வரே திணறுகிறதா என்று தெரிய டாஸ்க் மெனேஜரில் ஸ்பூலர், பிரின்ட் டிரைவர் ஹோஸ்ட் இரண்டையும் பாருங்கள். 32 பிட் பில் மென்பொருள் என்றால் ஸ்பிளவாவ்64 என்று ஒன்றும் நடுவில் ஓடும். பில் அடிக்கும்போது இவற்றில் ஒன்று சிபியூவை விழுங்கிக்கொண்டிருந்தால் அது டிரைவரின் குற்றம். இந்த மூன்றும் சும்மா இருக்க, ரெம் நிறைந்து டிஸ்க் 100 வீதத்தில் நின்றால், அப்போது ரெம் வாங்குங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து அதே பில்லைத் திரும்ப அடியுங்கள், எத்தனை விநாடி என்று அந்தப் பில்லின் பின்னாலேயே எழுதுங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று ஒருபோதும் தெரியாது, அடுத்த கிளைக்குப் போய் ஐந்தையும் திரும்பச் செய்வீர்கள். அக்கரைப்பற்று பில் என் லாச்சிக்குள் கிடக்கிறது: 180, லோகோ மாற்றிய பிறகு 95, கெமராவுக்குப் பிறகு 60, டெக்ஸ்ட் ஒன்லி போட்டதும் 6. போன கிழமை ராத்தா போன் எடுத்தார். ரிபன் மங்கிவிட்டதாம்.